கவிழ்த்துப் பார்க்காதது

ஜூன் 2

அன்புள்ள சிடுமூஞ்சி அக்காவுக்கு,

நான் நலம். நீயும் என் வாலுப் பெண்ணும் நலமென்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ எழுதினால்தானே தெரியும்.

முதலில் நல்ல செய்தி. ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் பிள்ளையோடு தங்க மூன்று வருடமாக இழுத்தடித்த அனுமதி வந்துவிட்டது. இனி என் மகளை என்னோடு வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் இருபதாம் தேதி வந்து அழைத்துப் போகிறேன். ஆஸ்பத்திரியில் விரிப்புகளைத் துவைத்து மடித்து மடித்து என் விரல்நுனி தேய்ந்துவிட்டதா, பத்திரத்தில் கைரேகை சரியாக விழவே இல்லை. "என்னம்மா, உனக்கு விரல் இருக்கா இல்லையா?" என்று கேட்டு அந்த அதிகாரி மூன்று தடவை அழுத்தி வாங்கினார். சிரித்துக்கொண்டே அழுதேன் அக்கா. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

கூட ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். என் அறை ஜன்னல் சட்டத்தில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தேனீ வந்து வந்து போகிறது. என்னோடு தங்கியிருக்கும் சமையல்காரியிடம் கெஞ்சி எடுக்கவைத்தேன். வாலுக்குக் காட்டு. உன் மியூசியத்துக்கு வந்து வந்து அவளுக்கும் பூச்சிப் பைத்தியம் பிடித்திருக்குமே. இது என்ன தேனீ என்று நீ சொல்லிக்கொடு, அவள் எனக்கு எழுதட்டும்.

போன வருடத்திலிருந்து அவளுக்குப் பன்னிரண்டு கடிதம் போட்டுவிட்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு இரண்டு வரி எழுத வராதா? அவளுக்கு என் மேல் ஏதாவது கோபமா? உண்மையைச் சொல்.

இப்படிக்கு
உன் ஊர்சுத்தி

---

ஜூன் 17

அன்புள்ள ஊர்சுத்திக்கு,

கடிதம் கிடைத்தது. ஆகஸ்ட் இருபது என்று ரயில் வருகிற நேரத்தைச் சொல்வது போல எழுதிவிட்டாய். பள்ளிக்கூடம் ஆரம்பித்து அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறது, மாதம் ஒரு தடவை இறுக்கவேண்டும். இடி இடித்தால் யாருடைய முந்தானைக்குள் வந்து புகுந்துகொள்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? பெருமைக்குச் சொல்லவில்லை. பெற்றவள் நீ, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் குழந்தையைக் கேட்கவேண்டாமா?

கடிதம் எழுது என்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். நான் என்ன செய்யட்டும்.

போட்டோவைப் பார்த்தேன். பதினெட்டு வருடமாகத் தேனீக்களை ஊசியில் குத்திப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். மகரந்தம் சுமக்கிற பெண் தேனீயின் பின்னங்காலில் அடர்த்தியாக முடி இருக்கும். உன் தேனீக்குக் கால் வழவழவென்று இருக்கிறது. வால்பக்கம் ஊசியாகக் கூம்புகிறது. முதுகின் ஓரத்தில் இரண்டு முட்கள் தெரிகின்றன. இது திருட்டுத் தேனீ. கூடு கட்டாது, உணவு சேர்க்காது. வேறொருத்தி பாடுபட்டுக் கட்டிய கூட்டில், அவள் வெளியே போன நேரம் பார்த்து நுழைந்து முட்டையை வைத்துவிட்டுக் கிளம்பிவிடும். பிறகு அதன் குஞ்சு அந்த வீட்டுக்காரி சேர்த்த சோற்றில்தான் வளரும். சுமக்கிற வேலையே இல்லாத காலுக்கு முடி எதற்கு?

இதைப் போய் வாலிடம் காட்டவில்லை.

உன் அக்கா

---

ஜூன் 30

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு சமையல்காரியிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பூச்சியும் தெரியாது, உன்னையும் தெரியாது. கேட்டு முடித்துவிட்டு, "ஏன்டி, உங்கக்கா தேனீயைச் சொல்றாங்களா, உன்னைச் சொல்றாங்களா?" என்றாள்.

நீயே சொல். வாலின் அப்பா போன பிறகு என் கையில் என்ன இருந்தது? "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று பஸ்ஸில் என் பெட்டியை ஏற்றிவிட்டது நீதானே? நீ இல்லாத நேரம் பார்த்தா உன் வீட்டில் பிள்ளையை வைத்துவிட்டு ஓடினேன்? என் விரலில் ரேகையே இல்லை, நான் எதையும் சுமக்கவில்லையா?

உன் மேல் எனக்கு ஒரு நாளும் இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஓட்டைக்குள்ளிருந்து வந்தவளைக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, ஃபிரிட்ஜில் வைத்து, பஞ்சு சுற்றித் தீப்பெட்டியில் அனுப்புகிறேன். கையில் வைத்துப் பார். ஒரு மாதமாக நான் அவளைப் பார்த்திருக்கிறேன். திருட வந்தவள் இப்படி ஓடி ஓடி உழைக்கமாட்டாள். உன் லென்ஸை எடுத்து நன்றாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அப்படியும் திருடிதான் என்றால், நான் ஒன்றும் பேசமாட்டேன்.

உன் தங்கை

---

ஜூலை 15

என் கண்ணுக்கு,

தீப்பெட்டி வந்தது. இறக்கை கூட ஒடியவில்லை. மேஜையில் வைத்து லென்ஸுக்கு அடியில் பார்த்தேன். முதுகில் முள் எதுவும் இல்லை, போட்டோவில் நான் பார்த்தது நிழல். வால்பக்கம் கூம்பவில்லை, இறக்கையை மடித்து உட்கார்ந்ததில் அப்படித் தெரிந்திருக்கிறது. கால் மட்டும் நான் சொன்னது போல வழவழவென்றுதான் இருந்தது. ஆணாக இருந்தாலும் காலில் முடி இருக்காதே என்று உணர்கொம்பின் கணுக்களை எண்ணினேன். பன்னிரண்டு. ஆணுக்குப் பதின்மூன்று இருக்கும். ஆக, பெண்தான்.

பிறகு கவிழ்த்தேன்.

வயிற்றின் அடிப்பக்கம் முழுவதும் பிரஷ் மாதிரி முடி. முடி நிறைய மஞ்சள் மகரந்தம். சில பெண் தேனீக்கள் காலில் சுமப்பதில்லை, வயிற்றில் சுமக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்: "மேல மட்டும் பாத்துட்டுப் பேர் எழுதாதீங்க, கவுத்துப் பாருங்க." சொல்கிறவள் பார்க்கவில்லை.

உன் போட்டோவையும் தேடி எடுத்துத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் நீ எழுதியிருக்கிறாய்: 'வாலு, இவ வாயில பச்சை இலைத்துண்டு கொண்டுவந்து உள்ள ஒட்டறா பாரு.' இலைவெட்டித் தேனீ. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். போட்டோவை நான் திருப்பவே இல்லை. அன்று 'ஆகஸ்ட் இருபது' என்ற வரியைத் தாண்டி என் கண்ணில் எதுவும் விழவில்லை. எனக்குத் திருட்டுத் தேனீதான் வேண்டியிருந்தது, அதனால் முள்ளும் கூம்பிய வால்பக்கமும் தெரிந்தன. நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஆமாம், உன்னைத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை எழுதக் கை வரவில்லை.

வாலுக்கு நீ போட்ட கடிதங்களை நான் கொடுக்கவில்லை. முதல் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மூன்று நாள் அழுதாள், காய்ச்சல் வந்தது, பள்ளிக்கூடம் போகவில்லை. கொஞ்சம் தேறட்டும் என்று இரண்டாவதை எடுத்துவைத்தேன். மூன்றாவது வந்தபோது, இரண்டாவதைக் கேட்பாளே என்று அதையும் வைத்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது. 'அடையாளம் காணாதவை' என்று சீட்டு ஒட்டிய இழுப்பறை ஒன்று மியூசியத்தில் இருக்கிறது. யாரும் திறக்கமாட்டார்கள். அதற்குள் பதினொன்றும் இருந்தன. அம்மா மறந்துவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். அவள் என்னோடு ஒட்டிக்கொண்டது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தேன். தேதி பார்த்துத் தரையில் வரிசையாக அடுக்கினாள். ஒன்றை மோந்து பார்த்தாள்.

"பூச்சி மருந்து வாசனை வருதே பெரியம்மா. உன் ஆபீஸ்லயா இருந்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"இத்தனை நாளா?"

அதற்கும் ஆமாம் என்றேன். உனக்கு ஒரு கடிதம் எழுதி, தானே ஒட்டி, தானே போய்ப் பெட்டியில் போட்டாள். உறையை என்னைத் தொடவிடவில்லை. பல்லுக்குக் கம்பி இறுக்கப் போனபோதுகூட என் கையைப் பிடிக்கவில்லை.

அந்தத் தாய்த் தேனீ எந்தக் குஞ்சின் முகத்தையும் பார்க்காது. ஒவ்வொரு அறையிலும் சோற்றை வைத்து, முட்டையிட்டு, இலையால் மூடிவிட்டுப் போய்விடும். போனதால் அது தாய் இல்லை என்று எவளும் எழுதமாட்டாள், நான் ஒருத்தியைத் தவிர. கடைசி அறை திறந்திருக்கும். எறும்பு போகும். ஓட்டையின் வாயை ஈர மண்ணால் மெல்லிசாகப் பூசிவிடு.

இருபதாம் தேதி வா. அவள் பை தயாராக இருக்கும். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

உன் கடிதமும் வாலின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவளுடையதை முதலில் படித்தேன். அதனால் உன்னுடையதைப் பிரிக்கும்போதே எனக்குத் தெரியும்.

ஒரு வருடம் அக்கா. தபால்காரர் வரும் நேரத்துக்குத் தேய்க்கிற மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடுவேன். மேற்பார்வையாளரம்மா திட்டித் திட்டி ஓய்ந்து, "வரலையா?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன். அதை நீ எப்படி எனக்குத் திருப்பிக் கொடுப்பாய்? காய்ச்சல் வந்ததென்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காதா?

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வருகிறேன். நீ வழக்கம்போல மியூசியத்துக்குப் போய்விடு. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. இப்போது உன் முகத்தைப் பார்த்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. பேசி வைத்தால் பிறகு அழிக்க முடியாது. பல் டாக்டரின் சீட்டை மறக்காமல் பையில் வை.

ஓட்டைக்கு மண் பூசிவிட்டேன். உன்னோடு சண்டை போடுவதற்காக நான் அவளைக் கொன்றிருக்கக் கூடாது.

வாலின் கடிதத்தில் கடைசி வரியை மட்டும் உனக்கு எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

'அம்மா, நான் அங்க வந்தப்புறம் பெரியம்மா லெட்டர் போட்டா, வந்த அன்னிக்கே என்கிட்ட குடுத்துடுவியா?'

கொடுப்பேன் என்று பதில் போட்டுவிட்டேன். அவளுக்கு எழுது.

இப்படிக்கு
தங்கை