எழுபத்தைந்தாவது பிள்ளை

செப்டம்பர் 22, திங்கள்
காலையிலேயே தலைமை ஆசிரியை யோலாண்டா என் மேசைக்கு வந்துவிட்டாள். "கோலீன், நம்ம ஸ்கூலைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கூட்டத்துல வைக்கணும்."

நான் ஆபீஸ்காரி. டீச்சர்கள் எழுதக் கூடாதா?

"அவங்க எழுதினா அழுதுடுவாங்க. நீ அழமாட்டே."

உண்மைதான். இப்போதெல்லாம் எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

செப்டம்பர் 23
எழுதியது இவ்வளவுதான்: "அரசு ஒப்பந்தத்தில் நடக்கும் தொடக்கப் பள்ளி. கட்டணம் இல்லை. முன்பு கம்பளக் கடையாக இருந்த கட்டடம். கடைக்காரர் விட்டுப்போன கம்பள மாதிரித் துண்டுகளில் ஆளுக்கு ஒன்று, பின்னால் பெயர் எழுதி. பிள்ளைகள் உட்காருவது அதில்தான். மொத்தம் எழுபத்தைந்து பேர்."

இதில் அழ என்ன இருக்கிறது?

செப்டம்பர் 29, திங்கள்
எழுபத்து நான்கு. இரண்டாம் வகுப்பு ஆம்ரியை அவன் அம்மா லாட்ரைஸ் நிறுத்திவிட்டாள். புது வேலை, ஊரின் அந்தப் பக்கம் வீடு, அங்கே பெரிய பள்ளி. கோப்பில் முத்திரை குத்தி உடனே அங்கே அனுப்பிவிட்டேன். கை தானாகச் செய்தது.

எழுபத்தைந்துக்குக் கீழே போனால் ஒப்பந்தம் கிடையாது. நாளை மறுநாள் தலை எண்ணும் நாள். மிச்சிகன் முழுக்க அன்று வந்திருக்கும் பிள்ளைதான் கணக்கு. யோலாண்டா பான்கேக் சுடப்போகிறாளாம், ஒருவரும் லீவு போடாமலிருக்க.

அக்டோபர் 1, புதன்
மூக்கு ஒழுகும் பிள்ளைகூட வந்துவிட்டது. எட்டரைக்கு லாட்ரைஸ், வேலைச் சீருடையில், ஆம்ரியோடு.

"இவனையும் எண்ணிக்கோங்க, மிஸ் கோலீன். இவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே."

அவன் தன் கம்பளத் துண்டைத் தேடி எடுத்து உட்கார்ந்து நான்கு பான்கேக் தின்றான். பட்டியலில் அவன் பெயர்மேல் நான் போட்ட கோடு. எழுபத்து நான்கு என்று எழுதினேன்.

"ஒரு பேரு, கோலீன்! ஒரே ஒரு பேரு!" என்றாள் யோலாண்டா.

"சேர்ந்தது வேற ஸ்கூல்ல. அவன் நம்ம பிள்ளை இல்ல."

ஆம்ரி திரும்பிப் பார்த்தான். அந்தப் பள்ளிக்கும் இன்று போகவில்லை — யார் கணக்கிலும் இல்லை. ஏன் சத்தமாகச் சொன்னேன்?

நவம்பர் 18
ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஜூனோடு பள்ளி மூடல்.

ஜூன் 12
பிள்ளைகள் அவரவர் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஆம்ரியுடையது மிஞ்சியது. என் காரில் போட்டுக்கொண்டேன். யோலாண்டா கட்டிப்பிடித்து, "கோபமெல்லாம் இல்ல" என்றாள். கோபம்தான்.

ஆகஸ்ட் 31, திங்கள்
ஆம்ரி போன பெரிய பள்ளியில் எனக்கு முதல் நாள். அதே ஆபீஸ் வேலை, அறுநூறு பிள்ளைகள். நம் பள்ளியிலிருந்து வந்த கோப்புகளில் எல்லாம் என் கையெழுத்து.

பத்து மணிக்கு ஆம்ரி தாமதச் சீட்டு வாங்க வந்தான். கம்பளத் துண்டைக் கொடுத்தேன். திருப்பித் தன் பெயரைப் பார்த்துவிட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"இந்த லிஸ்ட்ல நான் இருக்கேனா?"

"இருக்கே."

"பாத்துச் சொல்லுங்க."

தேடி, விரல் வைத்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் போனான்.

அதன்பிறகு கழிவறையில் கொஞ்ச நேரம் நின்றேன். "நீ அழமாட்டே" என்றாளே யோலாண்டா.