நகல் அப்பா

என்னங்க,

நீங்கள் அனுப்பிய விண்கலக் கதையை நானும் பாப்பாவும் வாசித்து முடித்தோம். டிவி தொடரில் அவளுக்கு உயிரான அந்த விண்கலக் குழுதான் இதிலும். ஒவ்வொருவருக்கும் அச்சு அசலாக ஒரு நகல் வந்துவிடுகிறது. நகல்கள் தப்பே செய்வதில்லை, சண்டையும் போடுவதில்லை. அதை வைத்துத்தான் யார் நகல் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

"அம்மா, போன லீவுக்கு வந்தது நகல் அப்பாதானே? ஈரத்துண்டைக் கட்டில்ல போடவே இல்ல. உன்கிட்ட ஒரு தடவகூடக் கத்தல."

"போடி லூசு" என்று சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. காபி கொடுத்ததற்கெல்லாம் விருந்தாளி மாதிரி ஏன் நன்றி சொன்னீர்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கலாமா என்றும் தெரியவில்லை.

அடுத்த தடவை துண்டைக் கட்டிலிலேயே போடுங்கள். நான் கத்துகிறேன். நீங்களும் பதிலுக்குக் கத்துங்கள்.

பாப்பாவுக்குச் சந்தேகம் தீரட்டும்.

உங்கள்
அசல் மனைவி