நான்காவது பாட்டில்

மார்ச் 3

“சார், எதுவுமே நடக்கலன்னா என்ன எழுதறது?”

பல வருஷங்களுக்கு முன், சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவி கேட்டாள். ‘மாற்றம் இல்லை’ன்னு எழுதும்மா, அதுவும் விடைதான் என்றேன்.

இன்று அவள் ஞாபகம் வந்ததற்குக் காரணம், பழைய பள்ளியிலிருந்து வந்த போன். மாதிரிச் செய்முறைத் தேர்வுக்கு நான்கு பாட்டில் தயாரித்துத் தர வேண்டுமாம். பெயர் ஒட்டாத, நிறமில்லாத நான்கு. உப்புக் கரைசல், சலவைச் சோடா, பேதி உப்பு, நான்காவது வெறும் தண்ணீர். பிள்ளைகளைக் கலங்கடிப்பது எப்போதும் அந்த நான்காவதுதான். ஏதாவது இருந்தே தீர வேண்டும் என்று இல்லாததை எல்லாம் பார்ப்பார்கள்.

மனைவிக்கு ரத்த அழுத்தம் இன்றும் இறங்கவில்லை. கண்புரை அறுவையை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள். அவளுக்கு வலது கண் சிறு வயதிலேயே போய்விட்டது. இருப்பது இந்த ஒன்று. அதிலும் இப்போது என் முகம் புகை மாதிரிதான் தெரிகிறதாம்.

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். “சிறுநீர்ல உப்பு ரொம்ப இருக்கு சார். எப்படியோ உள்ள போகுது. வீட்ல கொஞ்சம் கவனிங்க.”

மார்ச் 5

உப்பு ஜாடியில் பேனாவால் கோடு போட்டேன். அவள் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் போட்டேன்.

மார்ச் 8

சமையலுக்குப் போவதைத் தவிர உப்பு இறங்கவில்லை. அப்படியானால் உப்பு பிஸ்கட்தான். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி திரும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

“பூட்டுங்க, பூட்டுங்க. தண்ணிதாங்க கரிக்குதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

மறுபடியும் தண்ணீர். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே என்று, நான்தான் தண்ணீரை மென்மையாக்கும் மெஷினைப் போன மாதம் மாட்டினேன். மாட்டியதும் சலவைச் சோடா கலந்து பார்த்தேன். துளி கலங்கலில்லை. அருமையான தண்ணீர். நாக்கு அப்படி இருப்பது மாத்திரையால் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அவள் முன்னாலேயே குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துக் காட்டினேன். எனக்கு ஒன்றும் கரிக்கவில்லையே என்றேன்.

“உங்க நாக்கும் ரிட்டயர் ஆயிடுச்சு, சார்.”

கோபம் வந்தால்தான் என்னை ‘சார்’ என்பாள்.

மார்ச் 9

நான் எழுந்தபோது அவள் வழக்கம்போல் பாத்திரம் கழுவி முடித்து, தன் கூஜாவிலிருந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12

மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். கொல்லைப்புற மேசையில் நான்கு பாட்டிலுக்கும் ஒத்திகை. வாலை வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர், கொஞ்சம்தான் இருந்தது, தேர்வுக்கு வேண்டும். ஒத்திகைதானே என்று, அடுப்படியில் அவள் வைத்திருந்த கூஜாவிலிருந்து நான்காவது பாட்டிலுக்கு ஊற்றிக்கொண்டேன். அதைச் சோதனைக்குழாயில் கொஞ்சம் எடுத்து, உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன்.

தயிர். தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டு நின்றது.

பாட்டில் மாறிவிட்டதா? சோதனைக்குழாயை வடிநீரில் அலசினேன். மறுபடி கூஜாவிலிருந்து எடுத்தேன். மறுபடி தயிர். நைட்ரிக் அமிலம் விட்டேன். கரையவில்லை. உப்பு. சந்தேகமே இல்லை, உப்பு.

அடுப்படிக் குழாயைத் திறந்து அதே சோதனை செய்தேன். லேசான மங்கல், அவ்வளவுதான். ஒரே குழாய்! இது எப்படி?

கூஜாவில் எப்போது பிடித்தாய் என்று கேட்டேன்.

“எழுந்ததும்தான். விடியறதுக்கு முன்னாடி. நாள் பூரா அதைத்தானே குடிக்கிறேன்.”

அந்த மெஷின் தினமும் விடியற்காலையில் உப்புத் தண்ணீரால் தன்னைத்தானே அலசிக்கொள்கிறது. நேரம் குறித்து வைத்தவனே நான்தான். நான் எழுந்து குழாயைத் திறப்பதற்குள் அவள் பாத்திரம் கழுவி, துணி நனைத்து எல்லாவற்றையும் ஓடவிட்டிருப்பாள். எனக்கு நல்ல தண்ணீர். அவளுக்கு அது.

சோடாவில் கலங்கவில்லையே என்று பெருமைப்பட்டேனே! சோடா காட்டிக்கொடுப்பது சுண்ணாம்பைத்தான். தபால்காரர் வந்தாரா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் யாருமே வரவில்லை என்று முடிவு கட்டின மாதிரி.

கூஜாவிலிருந்து ஒரு வாய் குடித்தேன்.

கரித்தது. ஐயோ, நல்லாவே கரிச்சுது. ஒரு மாசமா சொன்னாளே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இதுல குடிச்சுப் பாத்திருக்கக் கூடாதா நான்?

மார்ச் 13

மெஷின் பழுது பார்ப்பவர் வந்தார். ஒரு வால்வைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “அலசின தண்ணி சாக்கடைக்குப் போகணும் சார். இது மூடிக்கல, பாதி அடுப்படிக் குழாய்க்குப் போயிருக்கு.” இதெல்லாம் சகஜம் என்கிற மாதிரி சொன்னார்.

போனில் டாக்டர், “குடிக்கிற தண்ணியிலயா?” என்றார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கோட்டைத் தவிர. பாடம் நடத்துகிற மாதிரி நீண்டுவிட்டது. கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பிஸ்கட் டப்பா சாவி எங்க?”

அவள் குளிக்கப் போனதும் ஜாடிக் கோட்டை ஈரத் துணியால் துடைத்தேன்.

ஏப்ரல் 2

அழுத்தம் இறங்கிவிட்டது. அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 21

கட்டு அவிழ்த்து நான்கு நாள் ஆகிறது. வீடு முழுக்க ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். என் சட்டைக் காலரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்து, “இவ்வளவு வயசாயிடுச்சா உங்களுக்கு?” என்றாள்.

இன்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். கையில் உப்பு ஜாடி. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

“இது என்ன கோடு?”

துடைத்ததில் முழுதும் போகவில்லை போலிருக்கிறது. எனக்கே கண்ணாடி போட்டுத் தேடினால்தான் தெரிந்தது.

அவள் என்னையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, சர்க்கரை டப்பாவை எடுத்து, சர்க்கரை நிற்கும் மட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். பேனாவைப் பைக்குள் திரும்பச் செருகினாள்.

“எனக்கு இப்ப நல்லாத் தெரியுது, சார்.”

வீட்டில் யாராவது தண்ணீர் கரிக்கிறது என்று சொன்னால், குழாயைத் திறக்காதே. அவர் குடித்துக்கொண்டிருக்கும் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்.