சட்டையில் இருந்த பெயர்

ஸ்கந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நிஷாந்தனுக்கு,

நானும் தங்கச்சி தர்மிளாவும் பிள்ளையார் தயவில் சுகமாக இருக்கிறோம், நீ அந்த லண்டன் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். மிளகாய் பூத்துவிட்டது, குரங்குத் தொல்லைதான் தாங்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம், ஆனால் நீ வேலைக்கு ஓடிக்கொண்டே கதைக்கிறாய், முகத்தைக் காட்டு என்றால் "நெட் காணாதம்மா" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

போன கிழமை தர்மிளாவின் பள்ளிக்கூடத்துக்குக் கொழும்பிலிருந்து சிலர் வந்து, சாராயம், பியர் விளம்பரப் படங்களைப் பெயரை மறைத்துக் காட்டி, எது என்ன, எங்கே கண்டாய் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னார்களாம். இங்கே அந்த விளம்பரங்களுக்குத் தடை, ஆனாலும் பிள்ளைகளின் மனதில் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கிறார்களாம். மற்றவர்கள் போனில், கிரிக்கெட்டில் கண்டதாக எழுத, உன் தங்கச்சி ஒரு வெளிநாட்டு பியரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, "வீட்டில், தினமும்" என்று போட்டுவிட்டாள். தாள்களைச் சேர்த்த சுமித்திரா ரீச்சர் அதைக் கண்டு என்னைக் கூப்பிட்டு, "வீட்டில ஆர் அம்மா குடிக்கிறது?" என்று மெல்லக் கேட்டார். எனக்கு வந்த கோபம்! "அவர் செத்து ஒன்பது வருசம் ரீச்சர், வீட்டில தேத்தண்ணியைத் தவிர ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்து இவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சுவரைக் காட்டினாள். லண்டன் போன புதிதில் நீ சிவப்பு ரீசேட்டுச் சட்டையோடு நின்று அனுப்பிய படம். எனக்கு இங்கிலீசு தெரியாதே ராசா, கிளிநொச்சியில் பெரிதாக்கி, பிறேம் போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். நெஞ்சு முழுக்கப் பியரின் பெயராம். கடையில் சும்மா கொடுத்திருப்பார்கள் என்கிறாள், இருக்கட்டும், நீ குடிக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அவள் ஏழு வருடமாக அந்தப் படத்தைப் பார்த்து "போட்டு வாறன் அண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அதை எழுத அந்தத் தாளில் இடமில்லையாம்.

பிறகு விளையாட்டாக எனக்கும் அதே சோதனையை வைத்தாள். படத்தில் உன் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "அண்ணான்ர மச்சம் எந்தக் கன்னத்தில அம்மா?" என்று கேட்டாள். வலது என்றேன். கையை எடுத்தாள், இடது. அவள் சிரித்தாள், நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். பெற்றவள் நான்.

விசா வழக்கு முடியும்வரை நீ வர முடியாது என்று தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளையார் உன்னைக் காப்பார். வேலையில்லாத ஒரு நாள் கமராவைப் போட்டுவிட்டுச் சும்மா இரு, ஒன்றும் கதைக்க வேண்டாம். உன் முகம் எனக்கு மறந்துபோகிறது மகன், பயமாக இருக்கிறது.

உன் அம்மா,
அழகம்மா