ஊர் சொன்ன வேண்டாம்

அன்புள்ள மகன் றொய்சனுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் எங்கள் மருந்துக் குளிசைகளோடும் வாய்ச்சண்டைகளோடும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வடக்குக் குளிருக்குள் ஒழுங்காகச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறேன். போனில் கதைத்தால் அப்பா குறுக்கே விழுவார், அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைக்கு முன் வந்து சேராது, தங்கச்சி நிரோஷினி பிக்கரிங்கில் இருந்து வரும்போது படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நீ போன கிழமை கேட்டதைப் பற்றித்தான் மகன். உங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் வேலை செய்ய வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஓர் அறைக்குள் நாலு பேராகக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு வீடு கட்டப் பழைய விளையாட்டு மைதானத்தைக் கொடுக்கலாமா என்று உங்கள் நகரசபை ஊரிடம் வாக்குக் கேட்டது, இருபத்தாறு வாக்கு வித்தியாசத்தில் ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி சபை அதற்குக் கட்டுப்படத் தேவையில்லை, மற்ற உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள், செவ்வாய்க்கிழமை உன் கைதான் முடிவு என்றாய். மாத்திப் போடடா, இருபத்தாறு வாக்கெல்லாம் ஒரு வாக்கோ என்று பட்டென்று சொன்னவள் நான்தான். இவ்வளவு படித்து உறுப்பினராக இருக்கிற பிள்ளை என்னிடம் வந்து கேட்கிறானே என்ற சந்தோசப் புளுகத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். நீ கேட்டதற்கு உனக்கு நன்றியடா ராசா, எத்தனை அம்மாமாருக்கு அது கிடைக்கிறது.

பிறகு எங்கள் ஸ்காபரோ முதியோர் சங்கத்தில் ஒரு கூத்து நடந்தது. இந்த வருடப் பயணம் நயாகராவா, மிட்லண்ட் மாதா கோவிலா என்று கை தூக்கச் சொன்னார்கள், நான் மிட்லண்டுக்குத் தூக்கினேன், மூன்று கையால் நயாகரா வென்றது. தலைவர் தியாகலிங்கம் அண்ணை என்ன செய்தார் தெரியுமா, வயசு போன ஆக்களுக்கு அந்தக் குளிர்காத்து ஒத்துவராது, உங்கடை நன்மைக்குத்தான் எண்டு சொல்லி பஸ்ஸை மிட்லண்டுக்கே விட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், ஏன் மறைப்பான். ஆனால் பஸ்ஸில் பாதி ஆசனம் வெறுமை. எங்கள் மாடியில் இருக்கிற ஜெயமலர் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிற தன் அக்காவுக்கு நயாகராவைக் காட்டிவிட வேண்டுமென்று கை தூக்கினவள் அவள். அப்படியிருந்தும் எனக்கும் சேர்த்து முட்டை றோல் கொண்டுவந்திருந்தாள். நான் சமாதானமாக ஏதோ சொல்லப் போக, தோத்திருந்தாலும் ஒண்டுமில்லை றோசலின் அக்கா, கேக்காமலே விட்டிருந்தாலும் ஒண்டுமில்லை, கேட்டுப்போட்டுத் தூக்கி எறிஞ்சதைத்தான் பொறுக்கேலாமல் கிடக்கு எண்டாள். அவள் மனம் திறந்து அதைச் சொன்னதற்கு நன்றியாகக் கோவிலில் அவளுக்கென்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

அதற்குப் பிறகு, உன் ஊர் சொன்னதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று அப்பாவுக்குச் சொன்னால் பாய்ந்தார். இலங்கையிலை தலையை எண்ணி எண்ணித்தானே எங்களை நாடில்லாமல் ஆக்கினவங்கள், கனபேர் சொன்னாப்போலை அது நீதியோ எண்டார். அதை லேசாகத் தள்ள எனக்கும் முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உன் ஊரில் வாக்கே இல்லை என்பதும் மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் இலங்கையில் எங்களை ஆர் கேட்டது மகன்? பாராளுமன்றத்துக்குள் இருந்தவர்கள் தாங்களே கை தூக்கி முடித்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் துரத்து என்று உன் ஊர் சொல்லியிருந்தால் எதிர்த்து நில் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், அவர்கள் மைதானத்தை விடு என்று மட்டும்தான் சொன்னார்கள். நீயும் வாக்கெடுப்புக்கு முதல், என்ன வந்தாலும் மதிப்பேன் என்று அவர்களுக்குச் சொன்னாய். உன்னையும் அதே சனம் ஒரு கைப்பிடி வாக்கால்தானே தெரிவு செய்தது. உன்னிடம் தோற்ற மனிதர் அடுத்தநாள் கதவைத் தட்டி உனக்குக் கை தந்தார் என்று நீ சொன்ன அன்று நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன், அந்த ஊருக்கு நான் சாகும்வரை நன்றியுள்ளவள். ஆகவே நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன், ஊர் சொன்னபடியே கை தூக்கு. வேறு காணி தேடு, அடுத்த வருடம் திரும்பவும் கேள், வீடு வீடாகப் போய்க் கேள்.

மாதா உனக்குத் துணை நிற்பாளாக, செவ்வாய்க்கிழமை உன் வாயிலும் மனதிலும் ஒரே சொல் இருக்க ஆண்டவர் அருள் தரட்டும். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கிய நேரம் இராஜரட்ணம் அண்ணை தன் வீட்டுப் பேஸ்மென்டை எங்களுக்குத் திறந்துவிட்டார், அவர் அதற்கு எந்தச் சபையையும் கேட்கவில்லை. உன் வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் என்று பூட்டி வைத்திருக்கிறாயே ஓர் அறை, அதை அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் கொடு, நத்தார் பண்டிகைக்கு வந்தால் நாங்கள் சோபாவில் படுப்போம். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், இதற்கு அவரும் ஓம் எண்டார்.

உன் அன்பு அம்மா
றோசலின் கஸ்பர்