குளிர்கால ஓய்வு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் குளிரிலும் தனியாகத்தான் பால் கறக்கிறீர்களா? நான் நலம். இங்கே அயோவாவிலும் நம் விஸ்கான்சின் பனிதான்.

நேற்றைய அதிபர் வேட்பாளர் விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான் வெர்லின் வீட்டில், அக்கம்பக்கத்தாரோடு பார்த்தேன். மாடு வளர்ப்பவர், இந்த ஊரில் எங்கள் வேட்பாளர் ஆளுநர் ஹாலிஸ்டருக்கு அவர்தான் தூண். ஹாலிஸ்டர் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியில் புதிய பண்ணைச் சட்டம் பற்றிக் கேட்டபோது, "விவசாயிகளுக்குத்தான் குளிர்காலம் முழுக்க ஓய்வாச்சே, நிதானமா படிச்சுப் பாக்கட்டும்" என்று சிரித்தார்.

இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பனியில் பிறந்து விறைத்துப்போன கன்றொன்றை வெர்லின் அன்று காலைதான் தூக்கிவந்து சமையலறை அடுப்பருகே படுக்க வைத்திருந்தார். அது கத்தியது.

"ஓய்வாம்ல! அத இந்தக் கன்னுக்குட்டிகிட்ட வந்து சொல்லச் சொல்லு" என்றார் வெர்லின்.

"வாய் தவறிச் சொல்லிட்டாருங்க."

"ரகசிய ஓட்டுன்னா போட்டுட்டுப் போயிடுவேன்மா. அடுத்த வாரம் வேட்பாளரத் தேர்ந்தெடுக்குற கட்சிக் கூட்டத்துல, பள்ளிக்கூடத்துல ஊரே பாக்க அந்தாளு பக்கம் போய் நிக்கணுமே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

அவர் நிற்காவிட்டால் யாருமே நிற்கமாட்டார்கள். கவலைப்படாதீர்கள், வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். என் நகரத்து மேலங்கியைப் பார்த்ததுமே கதவைச் சாத்துகிறார்கள். நீங்கள் தொழுவத்தில் போடும் பழைய மேலங்கியை உடனே அனுப்புங்கள். கம்பளிக் காலுறையும் வேண்டும்.

கார் வந்துவிட்டது.

உங்கள் ஷெல்பி

மேலங்கியைத் துவைக்காதீர்கள், அப்பா. அப்படியே அனுப்புங்கள்.