திரை சொன்ன 'சரி'

நவ. 18, செவ்வாய். பரங்கிப்பேட்டை

காலை முதல் தூறல். செய்திக்கு இதுவரை உறுதியானது ஒன்றுதான்: போன வாரம் கடல் பொங்கியபோது குப்பத்து எச்சரிக்கை ஒலிபெருக்கி ஒலிக்கவில்லை. ஆதாரம்: மீனவர் சங்கத் தலைவர், நேரில். கரையில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

சேதம்: வலைகள். படகை மேலே இழுக்கப்போன ஆறுமுகத்துக்குக் கை முறிவு.

உறுதியாகாதது: சங்கம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடத்தும் கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியில் இருந்த கலைச்செல்வி பொத்தானை அழுத்தினாரா. திங்களன்று சங்கம் விசாரிக்கிறது. அழுத்தவில்லை என்று முடிவானால் வேலை போகும்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த இருவர்:

"அந்தப் பொண்ணு போன்ல படம் பாத்துக்கினு இருந்திருக்கும் மாமா."

"நீ போய்ப் பாத்தியா? பேசாம சிக்கலை எடு."

செருப்பு வார் அறுந்தது. தைக்க வேண்டும்.

நவ. 19, புதன். கடலூர்

பண்ருட்டி போய்க் கலைச்செல்வியைப் பஸ் நிலையத்தில் பார்த்துத் திரும்பினேன். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அழுத்துனேன் சார். திரையில பச்சையா 'சரி'ன்னு வந்துச்சு. அதுக்கு மேல நான் என்னா பண்றது? கடலுக்கு ஓடிப்போயி கத்தவா?"

அறையின் பொறுப்பாளரிடம் போனில் கேட்டேன். "'சரி' வந்தது உண்மைதாங்க. ஆனா அது எப்பவும் வரும்." எப்பவும் என்றால்? வைத்துவிட்டார்.

அந்தத் திரைக்கு ப்ரோக்ராம் எழுதியவர் ஜெயசீலன். சிதம்பரத்தில் இருக்கிறார். நாளை.

நவ. 20, வியாழன். சிதம்பரம்

பஸ்ஸில் நின்றே வந்தேன். முட்டி வலி. தெற்கு வீதிக்குப் பின்னால் வாடகை வீடு. ஜெயசீலன் லேப்டாப்பை நாற்காலி மேல் வைத்து, தரையில் உட்கார்ந்து விளக்கினார்.

எனக்குப் புரிந்தவரை: சர்வருக்குள் ஒரு ப்ரோக்ராம் ஓயாமல் ஓடுகிறது. அவர் அதைப் பூதம் என்கிறார். ஒலிபெருக்கிகளை இயக்குவது அதுதான். அதற்குக் கட்டளை அனுப்ப ஒரு துணை ப்ரோக்ராம், அவர் சொல்லில் லைப்ரரி, எழுதியிருக்கிறார். அனுப்ப இரண்டு வழி. ஒன்று, கட்டளையைப் பூதத்தின் கையில் கொடுத்ததும் திரும்பிவிடும். மற்றது, பூதம் வேலையை முடித்துச் சொல்லும்வரை காத்து நிற்கும்.

"காத்து நிக்கறததான் மொதல்ல போட்டேன் சார். திறப்பு விழா அன்னிக்கித் திரை கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. 'என்னாப்பா, மிஷினு செத்துப்போச்சா'ன்னு ஒருத்தர் கேட்டாரு. மறுநாளே காத்து நிக்காத வழிக்கு மாத்தச் சொல்லிட்டாங்க."

'சரி' எப்படி வந்தது?

"'பெற்றுக்கொள்ளப்பட்டது'ன்னுதான் போட்டிருந்தேன். பெட்டியில அடங்கல. 'பெற்றுக்கொ'ன்னு வெட்டிக்கினு நின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. 'சரி'ன்னு போட்டேன். கச்சிதமா உக்காந்துச்சு."

சிரித்துவிட்டேன். அவரும். பிறகு இருவரும் சிரிக்கவில்லை.

கடல் பொங்கியதற்கு முந்தின நாள் ஏதோ சரிபார்க்கப் பூதத்துக்கு 'நிறுத்தி வை' என்று அனுப்பியிருக்கிறார். வேலை முடிந்ததும் 'தொடங்கு'. திரையில் 'சரி'. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் நிறுத்தி வைத்த பூதம் எதைக் கொடுத்தாலும் வாங்கி வரிசையில் வைக்கும், ஒன்றையும் செய்யாது. 'தொடங்கு' என்ற கட்டளையும் அதே வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. கலைச்செல்வி அழுத்தியதும் வரிசையில் அதற்குப் பின்னால்.

"நான் எழுதுன 'சரி'ய நானே நம்பிட்டேன் சார்."

இதை எழுதித் தருவீர்களா என்றேன். வெகுநேரம் லேப்டாப் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சங்கத்துக்காரங்க குடுக்கற வேலையிலதான் சார் வீடு ஓடுது."

"அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான்."

யோசிக்கிறேன் என்றார்.

நவ. 21, வெள்ளி. கடலூர்

பகல் முழுக்க மழை. துணி காயவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில்: "தொழில்நுட்பக் கோளாறுன்னு நாலு வரி போட்டு முடிங்க சார்." முடியாது என்றேன். அந்த நாலு வரியில் கலைச்செல்வி மேல் விழுந்த பழி நீங்காது. முழுசாக எழுத ஜெயசீலன் கையெழுத்து வேண்டும். வாய்ப்பேச்சை நாளைக்கே மறுக்கலாம், மறுத்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

பொறுப்பாளர் மறுபடி பேசினார். அந்த வேலைக்கு வேறு பெண்ணைப் பார்த்துவிட்டார்களாம். விசாரணைக்கு முன்பே.

செருப்பு தைத்தாயிற்று.

நவ. 22, சனி

கலைச்செல்வி போன். "அம்மாவும் கூட வரேங்கறாங்க சார். கூட்டம் திட்டுறதைக் கேக்க வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க வருவீங்கல்ல?" வருவேன் என்றேன். வெறுங்கையோடு வந்து என்ன பயன் என்று சொல்லவில்லை.

ஜெயசீலனுக்கு அனுப்பியது: 'நாளை மாலைக்குள் எழுதி அனுப்புங்கள். கலைச்செல்வி அழுத்தினார் என்ற ஒரு வரி போதும்.'

அலுப்பு. சாப்பிடாமல் படுத்தேன்.

நவ. 23, ஞாயிறு

தூறல். காலையில் ஜெயசீலனிடமிருந்து பதில். ஒரே சொல்: 'சரி'.

உடனே போன் செய்தேன்.

"ஜெயசீலன், இது கேட்டுக்கிட்ட சரியா, செஞ்சு முடிச்ச சரியா?"

அந்தப் பக்கம் பிள்ளை அழும் சத்தம். பிறகு அவர்.

"கேட்டுக்கிட்ட சரிதான் சார். இன்னும் எழுதல."

காத்து நிற்கிறேன், வைக்க மாட்டேன் என்றேன். நோட்டிலிருந்து பேப்பர் கிழிக்கும் சத்தம் கேட்டது. பேனா எழுதவில்லை போல, உதறுகிறார்.

நிலுவை: ஜெயசீலனின் கடிதம், இன்று மாலைக்குள். சங்கத்தின் முடிவு, நாளை பகல்.